லிசார்ட் என்றால் பல்லியா?

சுவரில் ஒட்டியிருப்பது பல்லி. வேலியில் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது ஓணான். சருகுக்குள் பளபளவென்று வழுக்கிக்கொண்டு மறைவது அரணை. புற்றிலிருந்து பிளந்த நாக்கை நீட்டியபடி வெளியே வருவது உடும்பு. கிளையைப் பற்றிக்கொண்டு, இரண்டு கண்ணையும் இரண்டு திசையில் உருட்டுவது பச்சோந்தி. தமிழ் பேசும் ஒருவரிடம் இந்த ஐந்தையும் காட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் யோசிப்பார். பதில் வராது.

ஆங்கிலத்தில் ஐந்தும் லிசார்ட். ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திறந்தால் அதற்கு நேரே 'பல்லி' என்று இருக்கும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒரு வரியை நம்பி மொழிபெயர்ப்பவர்கள் பாறைமேல் வெயில் காயும் ஓணானைப் பல்லி ஆக்கிவிடுகிறார்கள். இந்தோனேசியாவில் வாழும் 3 மீட்டர் நீள கொமோடோ உடும்பை 'உலகின் மிகப் பெரிய பல்லி' என்று எழுதுகிறார்கள். படிக்கிற குழந்தை என்ன செய்யும்? விளக்குக்குப் பக்கத்தில் பூச்சி பிடிக்கிற பல்லியை மனத்துக்குள் ஊதிப் பெரிதாக்கிப் பார்க்கும். 'உலகின் மிகப் பெரிய உடும்பு' என்று சொல்லியிருந்தால் அந்த நடையும் நகமும் நாக்கும் நொடியில் கண்முன் வந்திருக்கும். நம்மிடம் சரியான சொல் இல்லாமல் இது நடக்கவில்லை. இருக்கிற சொல்லை எடுக்காமல் விட்டதால் நடக்கிறது.

பொதுச்சொல் இல்லாதது தமிழின் குறை என்று நினைப்பவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு அந்தப் பொதுச்சொல் எப்படி வாய்த்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். லத்தீனின் 'லாசெர்ட்டா' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து லிசார்ட் ஆனது. பிரிட்டனில் இயற்கையாக வாழும் இந்த வகை உயிரினங்கள் மூன்றே மூன்று. அதிலும் ஒன்றுக்குக் கால் கிடையாது. அதை 'வோர்ம்', அதாவது புழு என்றே அழைத்தார்கள். மீதி இரண்டுக்கும் ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இந்தியாவிலோ இந்த வகையில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் ஒன்று, வேலியில் ஒன்று, புற்றில் ஒன்று என்று தினமும் கண்ணில் படுகிற இடத்தில் மக்கள் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தார்கள், தனியாகப் பெயரிட்டார்கள்.

ஆங்கிலேயர்கள் கடல் கடந்து போய்ப் புதுப்புது இனங்களைப் பார்த்தபோது அவர்களுக்கும் தனிப்பெயர்கள் தேவைப்பட்டன. எல்லாம் கடன்தான். பல்லியைக் குறிக்கும் 'கெக்கோ' மலாய் மொழியிலிருந்து வந்தது. அது அந்த உயிர் எழுப்பும் ஒலியே. 'இகுவானா' கரீபியத் தீவுகளின் தைனோ மொழிச்சொல். 'கமீலியன்' கிரேக்கம், தரைச்சிங்கம் என்று பொருள். அரணையைக் குறிக்கும் 'ஸ்கிங்க்' என்பதும் கிரேக்கம் வழி வந்ததே. அமெரிக்க முதலையான 'அலிகேட்டர்' கூட ஸ்பானியர்கள் சொன்ன 'எல் லகார்த்தோ' என்பதன் திரிபு. அதற்குப் பொருளே 'லிசார்ட்' என்பதுதான்.

முதலைக்கு அந்தப் பெயர் போனது மாலுமிகள் செய்த பிழை மட்டும் அல்ல. 1758-இல் லின்னேயஸ் உயிரினங்களை வகைப்படுத்தியபோது லாசெர்ட்டா என்ற ஒரே பேரினத்துக்குள் முதலையையும் போட்டார், தவளைக்கு உறவான சாலமாண்டரையும் போட்டார். நான்கு கால், நீண்ட வால், தரையோடு ஒட்டிய உடல் இருந்தால் உள்ளே போ என்பதுதான் கணக்கு. 1842-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் 'டைனோசர்' என்ற பெயரைக் கட்டினார். கிரேக்கத்தில் 'அச்சம் தரும் லிசார்ட்'. டைனோசர்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இன்று உயிரோடிருப்பவற்றில் அவற்றுக்கு மிக நெருக்கமானவை பறவைகள். ஆனாலும் நம் பாடநூல்களும் பத்திரிகைகளும் 'பயங்கரப் பல்லி' என்று அந்தப் பெயரை விளக்கி, ஒரு பழைய தவறை நமக்கும் சேர்த்து இறக்குமதி செய்கின்றன. தமிழில் சிலர் 'தொன்மா' என்று எழுதுகிறார்கள். தொன்மையான விலங்கு, அவ்வளவுதான். இதில் பல்லியும் இல்லை, பிழையும் இல்லை. இந்தச் சொல் இன்னும் பரவவேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு செய்தியும் உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது. மரபணுவை வைத்து இந்த உயிரினங்களின் உறவுமுறையை வரைந்த ஆய்வுகள், பாம்புகள் தனிக் கூட்டம் அல்ல, இந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தே கிளைத்தவை என்று காட்டுகின்றன. பல்லிகளின் கிளை மிக முன்பே பிரிந்துபோய்விட்டது. அரணைகள் அப்புறம் பிரிந்தன. உடும்பும் ஓணானும் பச்சோந்தியும் பாம்புகளோடு ஒரே பெரிய கிளையில் இருக்கின்றன. அப்படியானால் உடும்புக்குப் பல்லியைவிடப் பாம்புதான் நெருங்கிய உறவு. லிசார்ட் என்ற சொல் இந்தக் குடும்பத்திலிருந்து பாம்பை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தைக் குறிக்கிறது. இயற்கையில் அப்படி ஒரு கோடு இல்லை. அந்தக் கோட்டைத் தமிழ் போடாமல் விட்டதை எப்படிக் குறை என்பது?

தமிழ் வேறு விதமாக வகுத்தது. தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களைச் சொல்லி வரும்போது, பறப்பவற்றின் குஞ்சுக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களைக் கொடுத்துவிட்டு, 'தவழ்பவை தாமும் அவற்றோ ரன்ன' என்கிறது. தவழ்பவை என்பது நடையை வைத்து வந்த பெயர். இன்று பள்ளியில் படிக்கும் 'ஊர்வன' என்ற சொல்லும் அதே பார்வையில் வந்ததுதான்.

சரி, பல்லிக்கு வருவோம். தமிழ்ப் பேச்சில் பல்லி என்ன செய்கிறது? நாய் குரைக்கும், காகம் கரையும், பல்லி 'சொல்லும்'. 'பாரு, பல்லி சொல்லுது' என்பார்கள். ஒருவர் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் இச்சிச்சென்று கேட்டால், பேச்சுக்குச் சாட்சி கிடைத்துவிட்டதாகத் தரையைத் தட்டுகிறவர்கள் உண்டு. இத்தனை உயிரினங்களில் பல்லிக்கு மட்டும் ஏன் இந்த வினை? காரணம் பல்லியிடமே இருக்கிறது. ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி எதுவும் குரலால் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை, மிஞ்சினால் சீறும். குரல் கொடுத்துத் துணையை அழைப்பதும் எல்லையைக் காப்பதும் பெரும்பாலும் பல்லிகளின் பழக்கம். மலாய்க்காரர்கள் அந்த ஒலியைப் பெயராக வைத்தார்கள். தமிழர்கள் அதைச் சொல் என்றார்கள்.

இந்தக் கேட்கும் பழக்கம் மிகப் பழையது. குறுந்தொகையின் 16-ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ ஒரு பல்லியை வைத்திருக்கிறார். வழிப்பறி செய்யும் கள்வர்கள் இரும்பு அம்பைச் செப்பம் செய்வதற்காக நகநுனியில் புரட்டிப் பார்க்கிறார்கள். அப்போது எழுகிற ஓசை போல,

செங்காற் பல்லி தன்துணை பயிரும்
அங்காற் கள்ளியங் காடு

என்கிறார். நகத்தில் உலோகம் உரசுகிற அந்தச் சின்னச் சின்ன டிக் டிக் ஒலியை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள். பல்லியின் குரலுக்கு இதைவிடத் துல்லியமான உவமையை நான் படித்ததில்லை. பொருள் தேடிப் பிரிந்து போனவன் அந்தக் காட்டைக் கடக்கிறான். ஒரே ஒலி: ஒரு பக்கம் கள்வனின் அம்பு, மறுபக்கம் துணையை அழைக்கும் பல்லி. அதைக் கேட்டும் நம்மை நினைக்கமாட்டாரா என்பதே தலைவியிடம் தோழி பேசும் பேச்சு. இங்கே பல்லி சகுனமாக வரவில்லை, காதலனுக்கு எதையோ நினைவூட்டும் ஒரு உயிராக வருகிறது.

சகுனமாகவும் வரும். அதே புலவர் பாடிய கலித்தொகை 11-இல், போனவர் திரும்பி வருவார் என்று நம்பும் தலைவி, 'பல்லியும் பாங்கொத்து இசைத்தன' என்கிறாள். இடக்கண்ணும் துடிக்கிறதாம். நற்றிணை 98-இல் இன்னும் ஒரு படி மேல். தினைப்புனத்தில் மேயப் போகிற காட்டுப்பன்றி, பொறி வைத்த குறுகிய வழிக்குள் நுழையும் நேரத்தில் பக்கத்தில் பல்லி ஒலிக்கிறது. பன்றி 'மெல்லமெல்லப் பிறக்கே பெயர்ந்து' தன் குகைக்கே திரும்பிவிடுகிறது. பன்றியும் சகுனம் பார்த்த மலைநாடு! இந்த மூன்று பாட்டிலும் வினைச்சொற்களைப் பாருங்கள்: பயிரும், இசைத்தன, பட்டென. ஒவ்வொன்றும் வேறு வேறு. அழைப்பது, இசைப்பது, ஒலிப்பது. இன்றைய 'சொல்லுது' இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த உறவுக்காரன்.

பல்லி சொல்வதற்குப் பலன் பார்க்கிற சாத்திரத்தைக் கௌளி சாஸ்திரம் என்பார்கள். கௌளி, கெவுளி என்பவையும் பல்லியின் பெயர்களே. வெற்றிலையை எண்ணும் கவுளி வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் என்று தனிப் பட்டியலே உண்டு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. தொட்டு வணங்குவதற்கென்றே வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். இத்தனை மரியாதைக்கு நடுவில் பழமொழி மட்டும் உண்மையைப் போட்டு உடைக்கிறது: ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி.

சொல்லின் உறவும் தெளிவானது. தெலுங்கில் பல்லி, பகர ஒலி அழுத்தத்தோடு 'bஅல்லி' போல ஒலிக்கும், மலையாளத்தில் நம்மைப் போலவே பல்லி, கன்னடத்தில் ஹல்லி. பால் அங்கே ஹாலு ஆனது, பல் ஹல்லு ஆனது, பல்லி ஹல்லி ஆனது. ஒரே விதி.

பழந்தமிழில் இன்னொரு பல்லியும் உண்டு, அதற்கு உயிர் இல்லை. புறநானூறு 120-இல் பாரியின் நாட்டு விளைச்சலைப் பாடும் கபிலர், பலமுறை உழுது விதைத்து, 'பல்லி ஆடிய' பயிர் என்கிறார். அந்தப் பல்லி, மண்ணைக் கிளறிக்கொடுக்கும் பல் வைத்த உழவுக் கருவி. பல் இருப்பதால் பல்லி. சுவர்ப் பல்லியோடு அதற்கு உறவு கட்டவேண்டியதில்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. அப்புறம் சீரகத்தைச் சர்க்கரையில் உருட்டிய பல்லி மிட்டாய். பல்லியின் முட்டை தோல் போலத் துவளாது. வெள்ளையாக, உருண்டையாக, கடினமான ஓட்டோடு இருக்கும். அதைப் பார்த்த கண்தான் அந்தப் பெயரை வைத்திருக்கும்.

ஓணான் கதை வேறு. அதன் பழைய பெயர் ஓதி, ஓந்தி. குறுந்தொகை 140-இல் அள்ளூர் நன்முல்லையார் 'வேதின வெரிநின் ஓதி முதுபோத்து' என்கிறார். வேதினம் ரம்பம்; வெரிந் முதுகு. ரம்பம் போன்ற முதுகுடைய வயதான ஆண் ஓணான். கழுத்திலிருந்து முதுகுவரை நிற்கும் அந்த முள்வரிசையை ஓணானைப் பார்த்த எவரும் மறக்கமாட்டார்கள். ஆண் ஓணானுக்கே அது எடுப்பாக இருக்கும். 'போத்து' என்று ஆணைக் குறிக்கும் சொல்லைப் போட்டிருப்பதிலேயே அந்தப் புலவரின் கவனம் தெரிகிறது. வழிநடப்பவர்கள் இதனிடமும் சகுனம் பார்த்தார்கள் என்று அதே பாட்டு சொல்கிறது. ஆனால் அது சொல்லாத ஓணான். பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையாளிகள் இன்றும் ஓந்து என்கிறார்கள். கன்னடத்தில் ஓதி இருக்கிறது. நம் அன்றாடப் பேச்சில் ஓணான் நிலைத்துவிட்டது. கொங்குப் பகுதியில் ஒடக்கான் என்பார்கள். ஓந்தி மட்டும் தனியாக நிற்க முடியாமல் ஒரே ஒரு கூட்டுச்சொல்லுக்குள் பதுங்கிக்கொண்டது: பச்சை ஓந்தி, பச்சோந்தி. அந்தச் சொல்லை வசையாகப் பயன்படுத்துகிற பலருக்கு அதற்குள் ஒரு சங்ககாலச் சொல் உட்கார்ந்திருப்பது தெரியாது.

அந்த வசை நியாயமானதும் அல்ல. கட்சி மாறுகிறவரை, பேச்சு மாறுகிறவரைப் பச்சோந்தி என்கிறோம். சுற்றியிருக்கும் நிறத்துக்குத் தகுந்தபடி மாறி ஒளிந்துகொள்ளும் என்ற எண்ணம். பச்சோந்தி பெரும்பாலும் நிறம் மாறுவது இன்னொரு பச்சோந்தியிடம் எதையோ தெரிவிக்க, அல்லது உடல் வெப்பத்தைச் சரிசெய்ய. 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அது எப்படி நடக்கிறது என்று விளக்கினார்கள். தோலுக்குள் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்காக இருக்கின்றன. பச்சோந்தி அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கியிருக்கும். கிளர்ச்சி அடையும்போது இடைவெளி கூடும். அதற்கேற்ப வெளியே தெறிக்கும் ஒளியின் நிறம் மாறும். அதாவது உள்ளே என்ன நடக்கிறதோ அதை வெளியே காட்டிவிடுகிற உயிர் அது. மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைக் காட்டுகிறவருக்கு அதன் பெயரை வைத்திருக்கிறோம்.

ஓணானும் நிறம் மாறும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தொண்டை சிவந்துவிடும். இதனால் இரண்டு அநியாயங்கள். ஒன்று, நகரத்தில் பலர் அதையே பச்சோந்தி என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னொன்று கொடியது: அது தூரத்திலிருந்தே இரத்தத்தை உறிஞ்சுகிறது என்ற கதை. ஆங்கிலத்திலும் அதற்கு 'பிளட் சக்கர்' என்ற பெயர் உண்டு. தாகத்தோடு வந்த இராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் சிறுநீர் கொடுத்ததாம் என்று இன்னொரு கதை. ஈர்க்கில் சுருக்கு மாட்டி ஓணான் பிடித்த தலைமுறை இந்தக் கதையைத்தான் நியாயமாகச் சொன்னது. ஒரு சொல்லின் மீது ஏற்றப்பட்ட பொருள் அந்த உயிரின் மேல் கல்லாக விழுகிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகும். பழமொழிகள் ஓரளவு கருணையோடு இருக்கின்றன. 'வேலியில் போன ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்ட கதை' என்பதில் குற்றவாளி வேட்டிக்காரர்தான். 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்பதிலும் ஓணான் சும்மா அங்கே இருந்ததுதான் செய்த தவறு.

அரணைக்கு ஒரு பழமொழியே பகை. 'அரணை கடித்தால் மரணம்.' எதுகை நன்றாக விழுந்துவிட்டது, நம்பிக்கையும் ஊன்றிவிட்டது. அரணைக்கு விஷமே கிடையாது. கூடவே இன்னொரு நம்பிக்கை: அரணைக்கு மறதி அதிகம், கடிக்க வரும், வருவதற்குள் எதற்கு வந்தோம் என்று மறந்துவிடும். கடித்து இறந்தவர் யாரையும் பார்க்க முடியாததால், முதல் கதையைக் காப்பாற்ற இரண்டாவது கதை பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாம்பு போன்ற தலையும் வழுவழுப்பும் இருப்பதால் பாம்பரணை என்றும் சொல்வார்கள். சில இடங்களில் பாம்புராணி என்கிறார்கள். பாம்பரணைதான் வாயில் புரண்டு ராணி ஆகியிருக்க வேண்டும்.

உடும்பு என்றதும் தமிழில் முதலில் வருவது பிடி. உடும்புப்பிடி பிடித்தால் விடாது. கோட்டைச் சுவரில் உடும்பைக் கயிற்றோடு ஏற்றி, அதைப் பற்றிக்கொண்டு வீரர்கள் ஏறினார்கள் என்று மராட்டியர்களின் சிங்ககட் கோட்டையைப் பற்றி ஒரு கதை உண்டு. கதையாகவே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிடிக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது: 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்.' பிடித்தவர் பிடிபட்டவராகிவிட்ட நிலையைச் சொல்ல இதற்கு இணையான வாக்கியம் கிடையாது. புறநானூறு 68-இல் கோவூர் கிழார் பசித்த பாணனின் விலாவை 'உடும்பு உரித்தன்ன' என்கிறார். தோல் உரித்த உடும்பைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சொன்ன உவமை. உரித்த தோல் வேறொரு இடத்துக்கும் போனது: கஞ்சிரா என்ற தாளக்கருவி பாரம்பரியமாக உடும்புத் தோலில்தான் கட்டப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. பிடிப்பதும் கொல்வதும் தோலை விற்பதும் குற்றம். இதைச் செய்தியாக எழுதும்போது சிலர் 'மானிட்டர் பல்லி' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்கிற ஊர்க்காரருக்குத் தன் வயலில் திரியும் உடும்பைத்தான் சட்டம் காக்கிறது என்று எப்படித் தெரியும்?

பொதுச்சொல் வேண்டியிருக்கும் இடங்களும் உண்டு. விலங்கியல் பாடம் எழுதுகிறவருக்கு இந்தக் கூட்டம் முழுவதையும் ஒரே பெயரால் சொல்லியாக வேண்டும். 'பல்லிகள்' என்று எழுதி, உடும்பும் ஒரு பல்லி என்று சொல்லும்போது தமிழ்க் காது நெருடுகிறது. 'பல்லியோந்தி' என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது ஏற்புடையது. பல்லி என்ற பழகிய சொல்லும், மறந்துபோன ஓந்தியும் தோளோடு தோள் நிற்கின்றன. எந்த ஒன்றும் மற்றதை விழுங்கவில்லை.

ஆனால் கதையிலோ செய்தியிலோ லிசார்ட் வந்தால் பொதுச்சொல்லைத் தேடவே வேண்டாம். பகல் வெயிலில் பாறைமேல் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ஓணான். கூரையில் தலைகீழாக நடந்தால், இருட்டில் குரல் கொடுத்தால் பல்லி. கால் இருப்பதே தெரியாமல் சருகில் நெளிந்தால் அரணை. ஆள் வருவதைக் கண்டு புதரை முறித்துக்கொண்டு ஓடினால் உடும்பு. மூல ஆசிரியர் இதில் எதையுமே சொல்லாமல் வெறும் லிசார்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கதை எந்த ஊரில் நடக்கிறது, அங்கே எது அதிகம் திரியும் என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கவேண்டும்.